செக்யூரிட்டி: யாருக்கு, யாரிடமிருந்து?

தில்லியை ஒட்டிய நொய்டாவிலோ மும்பையின் பவாயிலோ ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். ஒரு கார் வந்து ஹாரன் அடிக்கும். கேட் திறக்கச் சற்றுத் தாமதமானால் கண்ணாடி இறங்கும். "செக்யூரிட்டி!" என்று ஒரு குரல் கேட்கும். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து ஓடி வருவார். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருப்பார். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. சட்டைப் பைக்கு மேல் அதைக் குத்தியும் இருப்பார். ஆனால் அந்த வளாகத்தின் அத்தனை வீடுகளுக்கும் அவர் பெயர் செக்யூரிட்டிதான்.

இதே ஆள் முன்பு கூர்க்காவாக இருந்தார். நேபாளத்தில் ஓர் ஊரின் பெயர் அது. அந்த ஊர்ப் பக்கம் போயிராதவரும் கையில் தடியும் விசிலும் இருந்தால் கூர்க்காதான். பிறகு வாட்ச்மேன் ஆனார். அது செய்யும் வேலையைச் சொன்ன பெயர். இப்போது ஒரு பண்பின் பெயரையே அவர் தலையில் வைத்துவிட்டோம். தமிழ் இலக்கணம் இதை ஆகுபெயர் என்று ஒரு வரியில் முடித்துவிடும். ஆனால் நியாயம் என்று யாரையும் கூப்பிடுவதில்லை, கல்வி என்று எந்த வாத்தியாரையும் அதட்டுவதில்லை. இந்த ஒருவருக்கு மட்டும் அப்படி ஒரு பெயர்.

2019 மக்களவைத் தேர்தல் சமயத்தில் பிரதமர் நரேந்திர மோடியும் அவரைப் பார்த்து அமைச்சர்களும் ட்விட்டரில் தங்கள் பெயருக்கு முன்னால் 'சௌகிதார்' என்று சேர்த்துக்கொண்டார்கள். 'செக்யூரிட்டி' என்று சேர்த்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. சௌகிதாரில் கிராமத்துக் கம்பீரம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. செக்யூரிட்டியில் இருப்பது 12 மணி நேர ஷிஃப்ட்.

சட்டத்தின் கண்ணில் இந்த மனிதர் வேறு மாதிரி. தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் 2005-இல் ஒரு சட்டம் போட்டது. அதன்படி காவலர் 18 வயது முடிந்தவராகவும் 65 வயதை எட்டாதவராகவும் இருக்க வேண்டும். மறு ஆண்டு மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள் இன்னும் கறாரானவை. ஆண் என்றால் உயரம் 160 சென்டிமீட்டர், மார்பளவு 80 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் 4 சென்டிமீட்டர் விரிய வேண்டும். ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓட வேண்டும். வேலையில் சேரும் முன் வகுப்பறையில் 100 மணி நேரமும் களத்தில் 60 மணி நேரமும் பயிற்சி. ராணுவ, போலீஸ் உடை போலத் தோன்றும் எதையும் அணியக்கூடாது. அணிந்தால் ஓராண்டு வரை சிறை. ஏ.டி.எம். வாசலில் உட்கார்ந்திருக்கும் அறுபதைத் தாண்டிய பெரியவரையும் அவருடைய தோள்பட்டைப் பட்டைகளையும் பார்த்துவிட்டு இந்த விதிகளைப் படித்தால், அவை வேறு ஏதோ நாட்டுக்காக எழுதப்பட்டவை என்று தோன்றும்.

சொல்லின் பூர்வீகம் இன்னும் விசித்திரமானது. லத்தீனில் 'க்யூரா' என்றால் கவலை, அக்கறை. 'சே' என்றால் இல்லாமல். இரண்டும் சேர்ந்து 'செக்யூரஸ்' ஆனபோது அதன் பொருள் கவலை இல்லாதவன். ஆகவே செக்யூரிட்டி என்பது முதலில் பூட்டோ துப்பாக்கியோ காவலாளியோ அல்ல, ஒரு மனநிலை. பழைய ஆங்கிலத்தில் இதற்கு நல்ல பெயர்கூடக் கிடையாது. ஷேக்ஸ்பியர் காலத்தில் ஒருவன் 'செக்யூர்' ஆக இருக்கிறான் என்றால் வரப்போகும் ஆபத்து தெரியாமல் அசட்டையாக இருக்கிறான் என்றும் பொருள். அசட்டை கழன்று போய், கவலையை விலக்கும் ஏற்பாடுகள் மட்டும் சொல்லில் ஒட்டிக்கொண்டன. வாசலில் இருப்பவர் அந்த ஏற்பாடுகளில் ஒன்று. உள்ளே இருப்பவர்கள் கவலையில்லாமல் தூங்க, வெளியே ஒருவர் தூங்காமல் கவலைப்பட வேண்டும். கவலை ஒழியவில்லை, ஆள் மாறியிருக்கிறது.

இந்தச் சொல்லைத் தமிழாக்க வேண்டி வரும்போது சிக்கல் தொடங்குகிறது. ஏஜென்சி செய்தியை முன்னால் வைத்துக்கொண்டு இரவு பதினோரு மணிக்கு உட்காரும் துணை ஆசிரியருக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது ஒரே ஒரு சொல்: பாதுகாப்பு. ராணுவத்தைக் கவனிக்கும் அமைச்சகம் பாதுகாப்பு அமைச்சகம். புலிகளுக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். கடையில் ஏமாறுகிறவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஐ.நா.வில் இருப்பது பாதுகாப்பு கவுன்சில். தொழிற்சாலைச் சுவரில் தொங்கும் பலகையில் பாதுகாப்பு வாரம். டிஃபென்ஸ், புரொடெக்‌ஷன், செக்யூரிட்டி, சேஃப்டி என்று ஆங்கிலம் நான்கு கதவு வைத்திருக்கும் இடத்தில் தமிழ்ச் செய்திக்கு ஒரே வாசல்.

தமிழில் சொல் இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. ஏமம், அரண், காவல், காப்பு, சேமம், ஈடு, பிணை என்று வகைக்கு ஒன்றாகவே இருந்தன. காப்பு ஒன்றே எத்தனை வேலை செய்கிறது பாருங்கள்: குழந்தையின் கையில் வளையல், திருவிழாவுக்கு முன் கட்டும் மஞ்சள் கயிறு, நூலின் முதல் செய்யுள், பேச்சுவழக்கில் போலீஸ் மாட்டும் விலங்கு. சேமத்திலிருந்து சேமிப்பு வந்தது. எல்.ஐ.சி.யின் முத்திரையில் கீதையிலிருந்து எடுத்த வாசகத்தில் இருப்பதும் அதே க்ஷேமம்தான். ஆனால் அரசு ஆணைகளும் செய்தித்தாள்களும் சேர்ந்து இவற்றையெல்லாம் பரணில் போட்டுவிட்டு, பாதுகாப்பை மட்டும் தினசரி உபயோகத்துக்கு வைத்துக்கொண்டன.

விளைவு சில நேரம் வேடிக்கை. 2006-இல் ஒரு சட்டம் வந்தது: விற்கும் உணவில் கலப்படமோ கேடோ இருக்கக்கூடாது என்பது அதன் நோக்கம். 2013-இல் இன்னொன்று வந்தது: கிராமப்புறத்தில் 75 சதவீதம் பேருக்கும் நகர்ப்புறத்தில் 50 சதவீதம் பேருக்கும் வரை மானிய தானியம், ஆளுக்கு மாதம் 5 கிலோ. முதலாவது சேஃப்டி, இரண்டாவது செக்யூரிட்டி. தமிழில் இரண்டுமே உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஒன்று சாப்பாடு கெட்டுப்போனதா என்று பார்க்கிறது. மற்றது சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்கிறது. இந்தியிலும் இதே கதைதான். இரண்டுக்கும் 'காத்ய சுரக்ஷா'. ஹோட்டலில் சோதனை நடத்தும் அதிகாரியிடம் ரேஷன் அட்டைப் புகாருடன் யாராவது போய் நின்றால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்தியாவில் இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்தவர்கள் ரயில்வேக்காரர்கள். பெட்டியைத் திருடனிடமிருந்து காப்பது ஒரு வேலை, ரயில் தடம் புரளாமல் காப்பது வேறு வேலை என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே இந்தியில் முதலாவதற்கு சுரக்ஷா, இரண்டாவதற்கு சம்ரக்ஷா என்று பிரித்துவிட்டார்கள். தமிழ்ச் செய்திகளில் துப்பாக்கி ஏந்திய படையும் ரயில்வே பாதுகாப்புப் படை, விபத்தை விசாரிக்க வருபவரும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர்.

இதெல்லாம் சொல் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. சேஃப்டிக்கும் செக்யூரிட்டிக்கும் இடையில் உள்ள இடைவெளியில்தான் குடியரசின் முதல் ஆண்டில் ஒரு பத்திரிகையின் உயிர் தங்கியிருந்தது.

'கிராஸ் ரோட்ஸ்' பம்பாயிலிருந்து வந்த ஆங்கில வார இதழ். ஆசிரியர் ரொமேஷ் தாப்பர். இடதுசாரிச் சாய்வுள்ள இதழ், நேரு அரசைக் கடுமையாக விமர்சித்தது. 1950 மார்ச் 1 அன்று மதராஸ் அரசு அது தன் மாகாணத்துக்குள் நுழையவே கூடாது என்று உத்தரவிட்டது. கையில் இருந்த ஆயுதம் 1949-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம். பொதுமக்களின் சேஃப்டியை உறுதிசெய்ய எந்தப் பத்திரிகையையும் தடுக்கலாம் என்றது அது. ஆங்கில வாசகத்தில் செக்யூரிட்டியின் வினைவடிவமும் சேஃப்டியும் அடுத்தடுத்து நின்றன. வழக்கமான கையால் தமிழாக்கினால் பொதுப் பாதுகாப்பைப் பாதுகாக்க என்று வரும்!

தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பேச்சுரிமையை எந்தெந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று அதன் 19-ஆவது ஷரத்து அப்போது சொன்ன பட்டியலில், இந்த வழக்குக்குப் பொருந்தக்கூடியது ஒன்றே ஒன்று: அரசின் செக்யூரிட்டியைக் குலைப்பது அல்லது அரசைக் கவிழ்க்க முனைவது. சேஃப்டி என்ற சொல் அங்கே இல்லை. இரண்டும் ஒன்றுதானே என்பது மதராஸ் அரசின் வாதம்.

மே 26 அன்று வந்த பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. இரண்டும் ஒன்றல்ல என்றார் அவர். அதற்கு அவர் பிடித்த வழி நேரானது. இந்திய தண்டனைச் சட்டத்தில் பொதுமக்களின் சேஃப்டிக்கு எதிரான குற்றங்கள் என்று ஓர் அத்தியாயமே இருந்தது. பொதுச் சாலையில் கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுவது அதில் ஒன்று. வேகமாக வண்டி ஓட்டியவன் அரசைக் கவிழ்க்கப் பார்த்தான் என்று யாராவது சொல்வார்களா? சின்னச் சின்னக் குழப்பங்களுக்கும் பொருந்தும்படி அகலமாக வெட்டப்பட்ட ஒரு சொல்லை வைத்துப் பேச்சுரிமையின் கழுத்தைப் பிடிக்க முடியாது. அந்தப் பிரிவு செல்லாது, தடை ரத்து. நீதிபதி ஃபசல் அலி மட்டும் மாறுபட்டார்.

மத்திய அரசு தோல்வியை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1951 ஜூனில் வந்த முதல் அரசியல் சாசனத் திருத்தம் அந்தப் பட்டியலில் பொது ஒழுங்கு, வெளிநாடுகளுடனான நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவற்றைச் சேர்த்தது. கட்டுப்பாடுகள் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்ற அடைமொழியும் அப்போது வந்ததுதான், அதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும் ஒரு வருடம் அந்த இடைவெளி இருந்தது. அந்த வழக்கை முழுக்கத் தமிழில் வாதாடியிருந்தால் சாஸ்திரிக்கு நிற்க இடம் கிடைத்திருக்குமா என்று மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு கணம் யோசிக்கலாம். பொதுமக்கள் பாதுகாப்பு, அரசின் பாதுகாப்பு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரித் தெரிகின்றன.

ஆனால் தமிழுக்கு வேறொரு வசதி உண்டு, அது ஆங்கிலத்தின் மூடியைத் திறக்கிறது. வனப் பாதுகாப்பு என்றால் வனத்தைப் பாதுகாப்பது. வெள்ளப் பாதுகாப்பு என்றால் வெள்ளத்தைப் பாதுகாப்பது அல்ல, வெள்ளத்திலிருந்து பாதுகாப்பது. தீப் பாதுகாப்பும் அப்படியே. மறைந்திருக்கும் உருபு முதலாவதில் 'ஐ', மற்ற இரண்டிலும் 'இலிருந்து'. பள்ளிக்கூடத்தில் வேற்றுமைத்தொகை என்று மனப்பாடம் செய்தது இதைத்தான். எந்தப் பாதுகாப்பைப் பார்த்தாலும் உருபை விரித்துக் கேட்டுவிடலாம்: யாரை, யாரிடமிருந்து?

1971-இல் வந்த 'மிசா'விடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம் என்பது அதன் முழுப் பெயர். 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை வந்தபோது, இந்தியாவின் பாதுகாப்புக்கு உள்நாட்டுக் குழப்பத்தால் ஆபத்து என்று சொல்லப்பட்டது. ஜெயப்பிரகாஷ் நாராயண், மொரார்ஜி தேசாய், வாஜ்பாய் என்று நாடு அந்தக் குழப்பத்திலிருந்து பாதுகாக்கப்பட்டது. விசாரணை இல்லாமல் உள்ளே போனவர்கள் ஆட்கொணர்வு மனு போட முடியுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் முடியாது என்றார்கள். முடியும் என்ற எச்.ஆர். கன்னாவைத் தாண்டி அவருக்கு இளையவர் தலைமை நீதிபதி ஆக்கப்பட, அவர் ராஜினாமா செய்தார். அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகச் சொன்னது 2017-இல்.

மிசாவுக்குப் பலியானவர்களே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதுதான் இதில் சுவாரசியம். சிறையிலிருந்த லாலு பிரசாத் யாதவ் 1976-இல் பிறந்த மகளுக்கு மிசா என்று பெயர் வைத்தார். 2024-இல் மிசா பாரதி மக்களவை உறுப்பினரானார். தமிழ்நாட்டில் உள்ளே போய் வந்தவர்களின் பெயருக்கு முன்னால் மிசா பட்டமாக ஒட்டிக்கொண்டது. 2021-இல் முதல்வரான மு.க. ஸ்டாலினும் அப்போது சென்னைச் சிறையில் இருந்தவர்தான். சட்டம் ஜனதா ஆட்சியில் போய்விட்டது. 1978-இன் 44-ஆவது திருத்தம் உள்நாட்டுக் குழப்பம் என்ற சொல்லை எடுத்துவிட்டு ஆயுதக் கிளர்ச்சி என்று போட்டது. ஆனால் 1980-இல் இந்திரா காந்தி திரும்பி வந்ததும் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விசாரணையின்றி 12 மாதம் வரை காவலில் வைக்க அது இடம் தருகிறது, இன்றும்.

துணை ஆசிரியரின் மேஜைக்கு வருவோம். 'பாதுகாப்புப் படையினர்' என்பது அங்கே தினமும் எழுதப்படும் தொடர். காஷ்மீர், மணிப்பூர், சத்தீஸ்கர் செய்திகள் இது இல்லாமல் முடியாது. 2021 டிசம்பர் 4 மாலை நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில் ஓட்டிங் கிராமத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை முடிந்து வேனில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவக் கமாண்டோக்கள் சுட்டதில் 6 பேர் இறந்தார்கள். மறுநாள் செய்தி எழுதியவர்கள் வழக்கப்படி எழுதிய வாக்கியம் எப்படி அமையும் என்று வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம்: பாதுகாப்புப் படையினர் சுட்டதில் அப்பாவித் தொழிலாளர்கள் பலி. எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. ராணுவம் சுட்டது என்று எழுதுவதில் இலக்கணப் பிழையும் இல்லை, தகவல் பிழையும் இல்லை. ஒரு சொல் மிச்சமும்கூட.

புதிய சட்டங்கள் விஷயத்தில் இந்தி உதவிக்கு வந்திருக்கிறது. கைது, ரிமாண்ட், ஜாமீன், தேடுதல் வேட்டை எல்லாவற்றையும் வரையறுத்த 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. தமிழ் வாசகர் முதல் பார்வையில் நாகரிகத்தைக் காப்பாற்றும் சட்டம் என்று நினைத்தால் தப்பில்லை. வடக்கே நாகரிக் என்றால் குடிமகன். ஆகவே இது இந்தியக் குடிமக்கள் பாதுகாப்புத் தொகுப்பு. போலீஸ் யாரை எத்தனை நாள் எங்கே வைத்திருக்கலாம் என்று சொல்லும் புத்தகத்தின் அட்டையில் இப்படி ஒரு பெயர். உருபை விரிக்கும் வேலையை வாசகருக்கே விட்டுவிடலாம்.

மிக முக்கியமானவர்களின் செக்யூரிட்டியில் 'யாரை' என்பதில் குழப்பமே கிடையாது. எக்ஸ், ஒய், இசட், இசட் பிளஸ் என்று ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்துகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். குழப்பம் 'யாரிடமிருந்து' என்பதில்தான். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியைச் சுட்டவர்கள் வெளியிலிருந்து வரவில்லை. அவருடைய மெய்க்காவலர்கள் இருவர். அதற்குப் பிறகு 1985-இல் பிரதமருக்கென்று சிறப்புப் பாதுகாப்புக் குழு உருவானது, 1988-இல் அதற்குச் சட்டம் வந்தது. பதவியில் இருக்கும் பிரதமருக்கு மட்டும்தான் என்பது அப்போதைய விதி. பதவி போன ராஜீவ் காந்திக்கு அது இல்லாமல் போனது, 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூர் நடந்தது. அதே ஆண்டில் முன்னாள் பிரதமர்களையும் சேர்த்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2019-இல் மறுபடி சுருக்கினார்கள். பிரதமர், அவருடன் அதிகாரபூர்வ இல்லத்தில் வசிக்கும் நெருங்கிய குடும்பத்தினர், பதவி விலகி ஐந்து ஆண்டு வரை முன்னாள் பிரதமர் என்பது இப்போதைய கணக்கு. இதற்குக் கீழே உள்ள எழுத்துகளுக்கு நடக்கும் போட்டியில் உயிர்ப் பயம் எவ்வளவு, ஊரில் மரியாதை எவ்வளவு என்பது உள்துறை அமைச்சகத்துக்கே வெளிச்சம்.

தில்லிக்குப் புதிதாக மாற்றலாகிப் போகிற தமிழரை வீட்டுத் தரகர் "செக்யூரிட்டி இரண்டு மாசம்" என்று சொல்லித் திகைக்க வைப்பதுண்டு. காவலாளி இரண்டு மாதம்தான் இருப்பாரா என்று கேட்டுவிடக் கூடாது. சென்னையிலும் பெங்களூரிலும் 'அட்வான்ஸ்' என்று சொல்கிறோமே, அதுதான். பெங்களூரில் பத்து மாத வாடகையைக் கேட்டுப் பழகியவருக்கு தில்லிக் கணக்கு இனிக்கும். 2021-இன் மாதிரி வாடகைச் சட்டமும் குடியிருப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது என்கிறது.

பணம் சம்பந்தப்பட்ட இந்த செக்யூரிட்டிக்குத் தமிழில் ஓர் அபூர்வப் பொருத்தம் தற்செயலாக அமைந்திருக்கிறது: பத்திரம். "பத்திரமாகப் போய்ட்டு வா" என்பதில் இருப்பது வடமொழி 'பத்ர', நலம். "பத்திரம் எழுதியாச்சா" என்பதில் இருப்பது 'பத்ர'வின் ஒலியோடு வந்து சேர்ந்த வேறொரு சொல், ஓலை. வடமொழியில் எழுத்தே வேறு. தமிழில் இரண்டும் ஒரே உடையில் நிற்கின்றன. ஆங்கிலத்திலும் காவல் ஒரு செக்யூரிட்டி, கடன் பத்திரம் இன்னொரு செக்யூரிட்டி. ஆனால் பத்திரம் பத்திரமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1992-இல் ஹர்ஷத் மேத்தா பெயரோடு வெடித்த ஊழலின் சூட்சுமமே, வங்கிகள் கொடுத்த சில ரசீதுகளுக்குப் பின்னால் அரசுப் பத்திரங்கள் எவையும் இல்லை என்பதுதான். அந்த ஆண்டில்தான் செபிக்குச் சட்ட அதிகாரம் கிடைத்தது.

லத்தீன் 'செக்யூரஸ்' பிரெஞ்சு வழியாக இன்னொரு குழந்தையையும் ஆங்கிலத்துக்குக் கொடுத்தது: ஷூரிட்டி. நம் கோர்ட் தமிழில் ஜாமீன்தார். அரபியில் 'ஜாமின்' என்றால் பொறுப்பேற்பவர். தமிழில் ஆள் போய் விடுதலையே ஜாமீன் ஆகிவிட்டது. ஜாமீனுக்கும் ஜமீனுக்கும் சம்பந்தமில்லை, பின்னது பாரசீகத்தில் நிலம். அகராதியில்தான் சம்பந்தமில்லை. கோர்ட்டில் ஜாமீன் நிற்க வருகிறவரிடம் கேட்பது பெரும்பாலும் நிலமோ வீடோ இருக்கிறதா என்பதைத்தான்.

1978-இல் மத்தியப் பிரதேசத்து ஏழைக் கொத்தனார் ஒருவர் இதில் மாட்டிக்கொண்டார். அவருக்கு ஜாமீன் கொடுத்தது உச்ச நீதிமன்றமே. ஆனால் தொகையைக் குறிப்பிடாமல் மாஜிஸ்டிரேட்டிடம் விட்டது. மாஜிஸ்டிரேட் 10,000 ரூபாய்க்கு ஷூரிட்டி கேட்டார். அந்தக் காலத்து 10,000. அண்ணனோ தம்பியோ ஒரு சகோதரர் பொறுப்பேற்க வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, ஏற்க முடியாது என்று பதில் வந்தது. உச்ச நீதிமன்றம் விடச் சொன்ன மனிதர், பக்கத்து மாவட்டத்து நிலம் செல்லாததால் உள்ளேயே இருந்தார்.

வழக்கு மறுபடி மேலே போனது. ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பு எழுதிய வி.ஆர். கிருஷ்ண ஐயர் கோபத்தை மறைக்கவில்லை. கொத்தனாரைச் சொந்தப் பொறுப்பில் 1,000 ரூபாய்க்கு எழுதி வாங்கிக்கொண்டு விடச் சொன்னார். அதோடு அவர் எழுப்பிய கேள்வி, வடக்கே பிழைக்கப் போன எந்தத் தமிழர் வீட்டிலும் ஒட்டி வைக்கலாம். ஒரு தமிழரோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாருக்கு எங்கே போவார்? பிழைப்புக்காக நாடு முழுக்கப் போகலாம் என்று சாசனம் சொல்கிறது. போன இடத்தில் கைதானால் சொந்த ஊர்ப் பட்டா செல்லாது என்று மாஜிஸ்டிரேட் சொல்கிறார்.

அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது செக்யூரிட்டி ஏஜென்சிகளும் அடுக்குமாடி வாசல்களும் இவ்வளவு பெருகியிருக்கவில்லை. இப்போது பீகாரிலிருந்து வந்து நொய்டா வாசலில் உட்கார்ந்திருப்பவரையே எடுத்துக்கொள்ளலாம். மாடியில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனால் போலீஸ் முதலில் உட்கார வைத்து விசாரிப்பது பல நேரம் அவரைத்தான். உள்ளே போய்விட்டால் அவருக்காக உத்தரப் பிரதேசத்தில் சொத்துள்ள யாராவது கையெழுத்துப் போட வேண்டும். நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் ஷூரிட்டி இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களும் அவர்களில் உண்டு. அப்படிப்பட்ட ஏழைகளுக்கு 40,000 ரூபாய் வரை கட்ட மத்திய அரசு 2023-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டுதல்களை அனுப்பியது. கைதிகள் வெளியே வரத் தாமதமாவதற்கு உள்ளூர் ஷூரிட்டி வேண்டும் என்று வற்புறுத்துவது ஒரு காரணம், அந்த நிபந்தனையைப் போடாதீர்கள் என்பது அவற்றில் ஒன்று. கொத்தனார் வழக்கு முடிந்து 44 ஆண்டு ஆகியிருந்தது.